ஈயக் குண்டைக் குழல்வாய் வழியே கெட்டிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியில், சுடுபவரின் தவறைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. தோட்டாத் துப்பாக்கி என்றால் மருந்தின் அளவு, குண்டு உட்காரும் இடம், பற்றவைப்பு எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். இங்கே அந்தத் தோட்டாவை ஒவ்வொரு வெடிக்கும் குழலுக்குள்ளேயே நாம்தான் உருவாக்குகிறோம். மருந்து போட மறந்தாலும் துப்பாக்கி சொல்லாது. இரண்டு முறை போட்டாலும் சொல்லாது. குண்டு பாதி வழியில் நின்றாலும் சொல்லாது.

பழகியவர்களுக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 1863ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த பிறகு களத்தில் பொறுக்கிய 27,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை நிரப்பியபடியே கிடந்தன. ஆயிரக்கணக்கானவற்றில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டோ அதற்கு மேலோ குண்டுகள் இருந்தன. தினமும் பயிற்சி எடுத்த படைவீரர்கள் கையில் இருந்தவைதான் அவை. சத்தமும் பதற்றமும் சேர்ந்தால் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், மனம் எங்கேயோ இருக்கும்.

ஆகவே, கீழே சொல்லும் வரிசையை அப்படியே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதோடு, கெட்டிக்கும் கோலில் போட்டுவைக்கும் கோட்டை ஒவ்வொரு முறையும் பாருங்கள். குழலுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய அந்தக் கோட்டை விட்டால் வேறு வழியில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது, உட்புறம் திருகுவரி வெட்டிய 50 கலிபர், அதாவது துளை அரை அங்குலம் உள்ள ரைஃபிளில் துணி சுற்றிய உருண்டைக் குண்டை இறக்கும் முறை. வேறு அளவுக்கு எண்கள் மாறும், முறை மாறாது. எதைத் தொடங்கும் முன்னும் உங்கள் ஊர்ச் சட்டமும் உரிமமும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடுங்கள். முதல் சில முறைகளாவது அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்க, முறையான சுடுதளத்தில் பழகுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம்.

குண்டு: மென்மையான ஈயம்தான் வேண்டும்

உருண்டைக் குண்டுக்குக் கலப்பில்லாத மென்மையான ஈயமே சரி. நகத்தால் அழுத்திக் கீறினால் தடம் விழ வேண்டும். வெள்ளீயமோ ஆன்டிமனியோ கலந்தால் ஈயம் கெட்டிப்படும். கெட்டியான குண்டு துணியின் நெசவைத் தன்மேல் பதியவிடாது. துணி பிடிக்காவிட்டால் திருகுவரியின் சுழற்சி குண்டுக்குச் சரியாகப் போய்ச் சேராது. குழலில் இறக்குவதும் கஷ்டம். டயர் சக்கரங்களில் ஒட்டும் எடைக்கட்டிகளை உருக்கி ஊற்றினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். அவற்றில் பெரும்பாலும் கலப்பு இருக்கும், இந்த வேலைக்கு வேண்டாம்.

குண்டின் எடையைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் மும்மடியை 1,500ஆல் பெருக்கினால் சுத்த ஈயக் குண்டின் எடை கிரெய்னில் வந்துவிடும். 0.490 அங்குலக் குண்டு என்றால் ஏறக்குறைய 177 கிரெய்ன், அதாவது 11.5 கிராம். 45 கலிபருக்கான 0.440 குண்டு 128 கிரெய்ன். 54 கலிபருக்கான 0.530 குண்டு 223 கிரெய்ன். விட்டம் கொஞ்சம் கூடினாலே எடை எப்படி ஏறுகிறது பாருங்கள்.

நீங்களே வார்ப்பதாக இருந்தால் இந்தக் கணக்கு கைகொடுக்கும். ஒரு தொகுதி வார்த்து முடித்ததும் ஒவ்வொன்றையும் தராசில் வையுங்கள். கூட்டத்தை விட்டு எடை தெளிவாகக் குறைந்த குண்டுக்குள் காற்றுக்குழி இருக்கிறது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், பறக்கும்போது தள்ளாடும். அதைத் திரும்ப உருக்கப் போட்டுவிடுங்கள். குண்டின் மேல் சுருக்கம் விழுந்தால் அச்சோ ஈயமோ போதிய சூட்டில் இல்லை. உறைபனி படிந்ததுபோல் மேற்பரப்பு மங்கினால் சூடு அதிகம். அச்சு சூடேறும் வரை முதலில் வரும் குண்டுகள் சுருங்கித்தான் வரும், கவலைப்பட வேண்டாம்.

வார்க்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் அது நொடியில் ஆவியாகி, மொத்த ஈயத்தையும் வெளியே தூக்கி அடிக்கும். ஈரமான கட்டியைச் சட்டியில் போடக்கூடாது, வியர்வை சொட்டும்படி குனிந்தும் நிற்கக்கூடாது. நல்ல காற்றோட்டமுள்ள இடம், முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, முகத்துக்குக் காப்பு. வார்த்த பிறகும் குண்டைத் தொட்ட பிறகும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கைவைக்காதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஈயம் உடம்பில் சேரும் நஞ்சு.

அச்சிலிருந்து எடுத்த குண்டில், ஊற்றுவாயை வெட்டிய இடத்தில் ஒரு தட்டையான தடம் இருக்கும். பூசணிக்குக் காம்பு கிள்ளிய இடம் மாதிரி. அதைக் காம்புத் தடம் என்றே சொல்லிவிடலாம். கெட்டிக்கும்போது இந்தத் தடத்துக்கு வேலை இருக்கிறது.

மருந்து: கருமருந்து, அளவை வைத்து மட்டும்

இந்தத் துப்பாக்கிக்குக் கருமருந்து, அல்லது அதற்கு மாற்றாக விற்கப்படும் பைரோடெக்ஸ் போன்றவை. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. அது உண்டாக்கும் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது. குழல் வெடித்துச் சிதறி விரலும் கண்ணும் போன விபத்துகளில் பல இந்தத் தவறால் வந்தவை. பழைய டப்பாவில் பெயர் தெரியாத மருந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம், பயன்படுத்தாதீர்கள்.

கருமருந்தைக் குருணையின் பருமனை வைத்து 1 எஃப், 2 எஃப், 3 எஃப், 4 எஃப் என்று பிரிப்பார்கள். எண் ஏற ஏறக் குருணை நுண்ணியதாகும், வேகமாக எரியும். 50 கலிபருக்கு 2 எஃப்போ 3 எஃப்போ போதும். சின்னக் கலிபருக்கு 3 எஃப். 4 எஃப் என்பது, கல் உரசிப் பொறி தரும் சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் தீப்பிடிக்கும் பற்றுகிண்ணத்துக்கு மட்டும், குழலுக்கு அல்ல.

எவ்வளவு போடுவது? துப்பாக்கி தயாரித்தவர் கொடுத்த கையேட்டில் உச்ச அளவு எழுதியிருக்கும். அதுதான் கடைசி வார்த்தை. தொடங்குவதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: கலிபர் எத்தனையோ அத்தனை கிரெய்ன். 50 கலிபருக்கு 50 கிரெய்ன். இலக்கைச் சுட இதுவே தாராளம். அங்கிருந்து 5 கிரெய்ன் ஏற்றி ஏற்றிப் பார்க்கலாம். எங்கே குண்டுகள் ஒட்டி ஒட்டி விழுகின்றனவோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரைஃபிள்கள் தங்களுக்குப் பிடித்த அளவை உச்சத்துக்கு வெகு முன்பே சொல்லிவிடும். அதற்கு மேல் ஏற்றுவதில் தோள் வலியும் கரியும்தான் மிச்சம் என்பது என் கருத்து.

கருமருந்தைக் கொள்ளளவால் அளப்பதே வழக்கம். பித்தளை அளவுக்குழாயில் தலைதட்ட நிரப்பி, பக்கத்தில் லேசாகத் தட்டி, மேலே வழித்துவிடுங்கள். தட்டுவது என்றால் எப்போதும் அதே எண்ணிக்கை. மாற்று மருந்துகளையும் இதே கொள்ளளவில்தான் அளக்க வேண்டும். பைரோடெக்ஸ் கருமருந்தைவிட இலேசானது. அதை எடை போட்டு 50 கிரெய்ன் எடுத்தால் அளவு கூடிவிடும். சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மாற்று மருந்து ஒத்துவராது, அது பற்றிக்கொள்ள அதிகச் சூடு வேண்டும். அங்கே அசல் கருமருந்துதான்.

துணி: பலர் கவனிக்காத பாதி

உருண்டைக் குண்டு துளையைவிடச் சிறியது. அந்த இடைவெளியை நிரப்பி, திருகுவரியைப் பிடித்துக் குண்டைச் சுழற்றுவது அதைச் சுற்றியுள்ள துணிதான். சுடுபவர்கள் இதைப் பேட்ச் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். துளை 0.500 அங்குலம், அதாவது 12.70 மில்லிமீட்டர். குண்டு 0.490. துணியின் தடிமன் 0.015 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 0.030. மொத்தம் 0.520. வரிப் பள்ளம் பக்கத்துக்கு 0.010 ஆழம் என்றால் பள்ளத்தோடு சேர்த்து அளந்தால் அதுவும் 0.520. மேட்டில் துணி நசுங்கும், பள்ளத்தில் நிறையும், புகை கசிய வழியிருக்காது. ஆழமான பள்ளமுள்ள குழலுக்கு 0.018 துணி கேட்கும். குண்டை அப்படியே வைத்துக்கொண்டு துணியை மட்டும் மாற்றிப் பார்த்தாலே குண்டுகள் விழும் வட்டம் எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கண்ணால் காணலாம்.

துணி சுத்தப் பருத்தியாகவோ லினனாகவோ இருக்க வேண்டும். நெசவு நெருக்கமாக, தலையணை உறைக்குப் பயன்படும் கெட்டித்துணி போல. பாலியஸ்டர் கலந்தது சூட்டில் உருகிக் குழலில் ஒட்டும். புதுத்துணியின் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

மசகுக்கு எச்சில் போதும் என்பவர் உண்டு. இலக்கின் முன் உடனே சுடுவதானால் உண்மையிலேயே போதும். நிரப்பி நேரம் கழித்துச் சுடுவதானால் எச்சில் காய்ந்துவிடும், மருந்தையும் நனைக்கும். தேன்மெழுகும் கொழுப்பும் கலந்தது, ஆலிவ் எண்ணெய் போன்றவை நன்றாக வேலை செய்கின்றன. பெட்ரோலிய எண்ணெய்களைத் தவிருங்கள். கருமருந்துக் கரியோடு சேர்ந்து தார் போல இறுகும். துணி தொட்டால் வழவழப்பாக இருக்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது.

குழலின் திருகைப் பற்றியும் ஒரு வரி. உருண்டைக் குண்டுக்கு மெதுவான திருகுதான் ஒத்துப்போகும். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது அதற்கென்றே வெட்டியது. 48 அங்குலம் நடுவாந்திரம். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது நீளக் குண்டுக்கானது. அதிலும் உருண்டை போகும், மருந்தைக் குறைவாக வைத்தால்.

கோலில் இரண்டு கோடு

துப்பாக்கியை முதன்முதலில் கையில் எடுத்தவுடன் செய்ய வேண்டியது இது. குழல் காலி என்று உறுதிசெய்தபின் கோலை அடிவரை இறக்குங்கள். வெறும் இரும்பில் தட்டும் சத்தம் கணீரென்று கேட்கும். வாயின் விளிம்போடு சேரும் இடத்தில் கோலில் ஒரு கோடு போடுங்கள். இது காலிக் கோடு. பிறகு உங்கள் வழக்கமான மருந்தும் குண்டும் போட்டு நன்றாக இறக்கியபின் மறுபடி விளிம்பில் ஒரு கோடு. இது நிறைகோடு. மருந்தின் அளவை மாற்றினால் இந்தக் கோடும் மாறும்.

கடன் வாங்கிய துப்பாக்கி, சுவரில் மாட்டியிருந்த தாத்தா காலத்துத் துப்பாக்கி, எதுவாக இருந்தாலும் முதலில் கோலை விட்டுப் பாருங்கள். கோல் உள்ளே போன நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து அளந்தால், அது நிப்பிளுக்கோ (அடித்தால் பொறி தரும் ‘கேப்’ என்ற சிறு தொப்பியை மாட்டும் முளை), பற்றுத்துளைக்கோ (சக்கிமுக்கியில் தீ உள்ளே போகும் துளை) நேராக வந்து நிற்க வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்தும் கருமருந்து வெடிக்கும்.

கெட்டிக்கும் வரிசை

முதலில் குழலைத் தயார்படுத்த வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் உள்ளே இருக்கும். உலர்ந்த துணியை விட்டுத் துடைத்தெடுங்கள். கேப் வகைத் துப்பாக்கியானால் குழல்வாயைத் தரையில் ஒரு புல்லுக்கு நேராகக் காட்டி, நிப்பிளில் வெறும் கேப்பை வைத்து அடியுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையவில்லையா, நிப்பிளை ஊசியால் குத்தித் திறந்து இன்னொரு கேப். சக்கிமுக்கியானால் பற்றுத்துளையைக் குத்தூசியால் சுத்தம் செய்து, கிண்ணத்தைத் துடைத்து, கல்லின் விளிம்பு கூராக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் குதிரையை, அதாவது கேப்பையோ மூடியையோ அடிக்கும் சுத்தியலை, அரைநிலையில் நிறுத்துங்கள். கேப் வைக்காமல், கிண்ணத்தில் மருந்து போடாமல். கட்டையின் அடியைத் தரையில் ஊன்றி, குழல்வாய் உங்கள் முகத்துக்கும் மற்றவர்களுக்கும் விலகி மேலே பார்க்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இனி கடைசிவரை முகமும் மார்பும் வாய்க்கு நேரே வரக்கூடாது.

மருந்துக் குப்பியிலிருந்து அளவுக்குழாய்க்கு, அளவுக்குழாயிலிருந்து குழலுக்கு. குப்பியை நேராகக் குழலில் கவிழ்ப்பது கூடவே கூடாது. முந்தைய வெடியின் தணல் அடியில் கனன்றுகொண்டிருந்தால், அளவுக்குழாயில் இருக்கும் கொஞ்ச மருந்து பற்றினால் கை பொசுங்கும். குப்பி முழுவதும் பற்றினால் அது கையில் பிடித்த வெடிகுண்டு. அளவு எடுத்தவுடன் குப்பியை மூடிப் பத்தடி தள்ளி வைக்கும் பழக்கம் நல்லது. மருந்தை ஊற்றியபின் குழலின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு மூன்று தட்டு. வழியில் ஒட்டிய குருணைகள் கீழே இறங்கும்.

அடுத்து பேட்ச். மசகிட்ட துணியைக் குழல்வாயின் நடுவில் விரித்து, குண்டை அதன்மேல் வையுங்கள். காம்புத் தடம் நேர் மேலே பார்க்க வேண்டும். தடம் பக்கவாட்டில் இருந்தால் குண்டின் ஒரு பக்கம் எடை குறைந்து, சுழலும்போது அலையும். மேலேயோ கீழேயோ நடு அச்சில் இருந்தால் பாதகமில்லை. மேலே வைத்தால் கண்ணுக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைக்கலாம், அவ்வளவுதான் காரணம். கட்டைவிரலால் அழுத்திக் குண்டை விளிம்பளவுக்கு இறக்குங்கள்.

துணியை முன்கூட்டியே வட்டமாக வெட்டி வைத்திருப்பவர்கள் நேராக ஸ்டார்ட்டருக்கு, அதாவது குண்டை வாய்க்குள் தட்டி இறக்கும் கைப்பிடிக் கருவிக்கு, போகலாம். நீளத்துணியாக வைத்திருந்தால், ஸ்டார்ட்டரின் குட்டை முளையை வைத்து ஒரு தட்டுத் தட்டிக் குண்டை விளிம்புக்குச் சற்றுக் கீழே இறக்கி, மிச்சத் துணியைச் சுருட்டிப் பிடித்துக் கத்தியால் வாயோடு ஒட்டி அறுங்கள். இப்படி அறுத்த துணி எப்போதும் நடுவில் அமையும் என்பது இதன் லாபம். பிறகு ஸ்டார்ட்டரின் நீளமுளையால் இன்னொரு அடி. குண்டு சில அங்குலம் உள்ளே போய்விடும்.

இந்த இடத்தில் குண்டு இறங்க மறுப்பது புதிதல்ல. பிரிட்டிஷ் படை 1800ல் ஏற்ற பேக்கர் ரைஃபிளுக்கு ஆரம்பத்தில் சின்ன மரச்சுத்தியே கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு கைவிட்டார்கள். உங்களுக்கும் சுத்தி தேவைப்பட்டால் துணி தடிமன் அதிகம், அல்லது குழலில் கரி சேர்ந்துவிட்டது. ஓங்கி அடித்தால் குண்டு நசுங்கித் தட்டையாகும், உருண்டையாகப் பறக்காது.

இனி கோல். பலரும் அவசரப்படுவது இங்கேதான். கோலை வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து அழுத்துங்கள். கை விளிம்பை எட்டியதும் மறுபடி ஒரு சாண் மேலே பிடித்து அழுத்துங்கள். இப்படிச் சின்னச் சின்னத் தள்ளலாகவே இறக்க வேண்டும். உச்சியைப் பிடித்து ஒரே மூச்சில் அமுக்கினால் மரக்கோல் வளையும். இழை குறுக்கே ஓடும் கோலாக இருந்தால் முறியும், முறிந்த முனை ஈட்டி போல உள்ளங்கையில் ஏறும். பித்தளைக்கோலோ இரும்புக்கோலோ வைத்திருந்தால் முறியும் பயமில்லை. ஆனால் அது வாயின் விளிம்பைத் தேய்க்காமலிருக்க நடுவில் நிறுத்தும் காப்புவளையம் போட்டுக்கொள்ளுங்கள். விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குறி போய்விடும்.

குண்டு மருந்தைத் தொட்டதும் கைக்குத் தெரியும். எதிர்ப்பு மாறும், ஒரு மெத்தென்ற நிறுத்தம். அங்கே நன்றாக ஒரு அழுத்து. குத்த வேண்டாம், கோலைத் தூக்கிப் போட்டுத் துள்ளவைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பலம் கொடுங்கள், மருந்து ஒரே மாதிரி எரியும். இப்போது கோட்டைப் பாருங்கள். நிறைகோடு விளிம்போடு சரியாக நிற்கிறதா? கோடு விளிம்புக்கு மேலே நின்றால் குண்டு இன்னும் அடிவரை போகவில்லை, அல்லது இரண்டு முறை நிரப்பிவிட்டீர்கள். விளிம்புக்குள்ளே மறைந்தால் மருந்து குறைவு, அல்லது போடவே இல்லை.

குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் என்ன ஆகும்? எரிவாயு வேகமெடுத்து வந்து, நகராமல் நிற்கும் குண்டின் முதுகில் மோதும். அந்த இடத்தில் அழுத்தம் திடீரென்று எகிறும். குழல் அங்கே வளையம் போல வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஒருமுறை வீங்கிய குழலைச் சரிசெய்ய வழி கிடையாது.

கோலை வெளியே எடுங்கள். இதைத் தனிப்படியாகவே சொல்கிறேன். கோலை உள்ளேயே விட்டுச் சுட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

சுடும் இடத்துக்கு வந்து, வாய் இலக்கைப் பார்த்த பிறகுதான் பற்றவைப்பு. நிப்பிளில் கேப்பை வைத்து நன்றாக அமர்த்துங்கள். சக்கிமுக்கியானால் கிண்ணத்தில் 4 எஃப் மருந்தைக் கொஞ்சமாகப் போடுங்கள். பற்றுத்துளையை மூடும்படி குவித்தால் தீ முதலில் அந்தக் குவியலை எரித்துத்தான் உள்ளே போகும், வெடி தாமதமாகும். மூடியைச் சாத்தி, குதிரையை முழுநிலைக்கு இழுத்து, குறிபார்த்து விசையை அழுத்துங்கள். புகை கலையும் வரை குறியிலேயே நில்லுங்கள். இந்த வகையில் விசை அழுத்தியதற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடையில் ஒரு கணம் இருக்கிறது. அதற்குள் தலையைத் தூக்குகிறவருக்குக் குறி தப்பும்.

அடுத்த குண்டுக்கு முன்

ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு லேசாக ஈரமாக்கிய துணியைக் கோலில் வைத்து அடிவரை ஒருமுறை போய்வாருங்கள், அடுத்து உலர்ந்த துணி. தணல் இருந்தால் அணையும், கரியும் இளகும். குழல்வாயில் வாயை வைத்து ஊதிக் கரியை இளக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. துப்பாக்கியின் வாய்க்கு நேரே தலையைக் கொண்டுபோகும் எந்தப் பழக்கத்துக்கும் நான் ஆதரவில்லை. ஈரத்துணி இருக்கும்போது அது எதற்கு?

துடைப்பதை ஒவ்வொரு வெடிக்கும் செய்கிறீர்களா, மூன்றுக்கு ஒன்றா என்பது உங்கள் விருப்பம், ஆனால் மாற்றாமல் ஒரே மாதிரி செய்யுங்கள். முதல் குண்டு சுத்தமான குழலிலும் ஐந்தாவது கரிபிடித்த குழலிலும் போனால் இரண்டும் ஒரே இடத்தில் விழாது.

இதற்கிடையில் தரையில் விழுந்த பேட்ச்களைப் பொறுக்கிவாருங்கள். வாயிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் கிடக்கும். நல்ல பேட்ச் வட்டம் கெடாமல், நடுவில் கரிபடிந்த வட்டத்தோடு, ஓரத்தில் வரிமேடுகளின் தடம் சீராகத் தெரிய இருக்கும். எடுத்து மறுபடி பயன்படுத்தலாமா என்று தோன்றும் அளவுக்கு இருந்தால் எல்லாம் சரி. நடுவில் ஓட்டை விழுந்து கருகியிருந்தால் மசகு போதவில்லை, துணி மெல்லியது, அல்லது மருந்து அதிகம். வரித்தடங்களின் இடத்தில் கத்தி வைத்தாற்போல் கிழிந்திருந்தால் குழலின் வாய் விளிம்போ வரிமேடோ கூராக இருக்கிறது. புதுக்குழல்களில் இது சகஜம், நூறு இருநூறு குண்டுகள் போனால் பெரும்பாலும் மழுங்கிவிடும். ஓரம் முழுவதும் கந்தலாகிப் புகை கசிந்த கறை படிந்திருந்தால் துணியும் குண்டும் சேர்ந்து தளர்வு. குறி சரியில்லை என்று மருந்தை மாற்றும் முன் பேட்ச்சைப் பாருங்கள்.

வெடிக்காவிட்டால்

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியை இறக்காதீர்கள். இலக்கை நோக்கியபடியே குறைந்தது ஒரு நிமிடம், முடிந்தால் இரண்டு நிமிடம் வைத்திருங்கள். உள்ளே தீ மெதுவாகப் போய்க்கொண்டிருக்கலாம். பிறகு புது கேப். இரண்டு கேப்புக்கும் மசியவில்லையானால் நிப்பிளைக் குத்தித் திறந்து, மறுபடி முயலுங்கள்.

மருந்து போடாமல் குண்டை மட்டும் இறக்கிவிட்டீர்களா? இந்த விளையாட்டில் எல்லோருக்கும் ஒருநாள் நடப்பதுதான். நிப்பிளைக் கழற்றி, அதன் அடியில் சில குருணை மருந்தை ஊசியால் உள்ளே தள்ளி, நிப்பிளைத் திரும்பப் பூட்டுங்கள். சக்கிமுக்கியில் பற்றுத்துளை வழியே தள்ளலாம். கோலால் குண்டு அடியில் இருக்கிறதா என்று உறுதிசெய்து, கோலை எடுத்துவிட்டு, இலக்கை நோக்கிச் சுடுங்கள். குண்டு மெதுவாக வெளியே விழும். சில நேரம் பாதி வழி மட்டும் நகர்ந்து நின்றுவிடும். அப்போது மறுமுறை சுடும் முன் கோலால் அதைத் திரும்ப அடிவரை தள்ளிவிட வேண்டும். மேலே சொன்ன வெற்றிடம் இங்கேயும் ஆபத்துதான்.

இன்னொரு வழி, கோலின் முனையில் திருகாணி பூட்டிக் குண்டில் முறுக்கி இழுப்பது. உள்ளே மருந்து இருக்கிறதோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் முதலில் நிப்பிள் வழியே தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். கோலின் முனைப்பூண் ஒட்டு மட்டும் போட்டிருந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும், ஊசி அடித்து இறுக்கியிருக்க வேண்டும். நிப்பிள் வழியே கரியமில வாயுவைச் செலுத்திக் குண்டை வெளித்தள்ளும் கருவியும் கிடைக்கிறது. வசதியானது, ஆனால் குண்டு வேகமாகவே வெளிவரும், வாயின் திசையில் கவனம்.

வரியில்லாக் குழலும் ரிவால்வரும்

வரியில்லாத குழலில் வேலை சுலபம். பிரவுன் பெஸ் என்ற பழைய பிரிட்டிஷ் படைத்துப்பாக்கியின் துளை 0.75 அங்குலம், அதில் போன குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம். காகிதத்தோடு சேர்த்துத் தளர்வாக இறங்கும். அதனால்தான் நிமிடத்துக்கு மூன்று முறை சுட முடிந்தது, அதனால்தான் குறியும் சுமார். தளர்வான குண்டு என்பதால் வாயைக் கீழே சாய்த்தால் குண்டு மருந்தை விட்டு நகர்ந்துவிடும், ஜாக்கிரதை. துணி சுற்றினால் அதே துப்பாக்கி ஐம்பது கஜத்தில் ஆச்சரியப்படுத்தும்.

கேப் ரிவால்வரில் துணியே கிடையாது. அங்கே குண்டு அறையைவிடக் கொஞ்சம் பெரியது. 44 கலிபருக்கு 0.451 அல்லது 0.454 அங்குலம், 36 கலிபருக்கு 0.375. நெம்புகோலால் அழுத்தும்போது குண்டைச் சுற்றி மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வர வேண்டும். முழு வளையமாக வந்தால் அறை நன்றாக அடைபட்டது. வளையம் வரவில்லை என்றால் குண்டு சிறிது, பக்கத்து அறைக்குத் தீ தாவும் ஆபத்து உண்டு. குண்டின் மேல் கொழுப்புப் பூசுவதோ, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே மசகிட்ட வட்டு வைப்பதோ கூடுதல் காப்பு. தளர்ந்த கேப்களாலும் தீ தாவும். ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, குதிரையைக் காலி அறைமேல் வைப்பது பழைய வழக்கம், இன்றும் அதுவே நல்லது.

அன்றே கழுவுங்கள்

கருமருந்தின் கரியில் உள்ள உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஒரு ராத்திரி விட்டாலே துரு தெரிய ஆரம்பிக்கும். குழல் காலி என்று கோலால் பார்த்துவிட்டு, கழற்ற முடிந்த குழலானால் கழற்றி, நிப்பிளை எடுத்து, அடிப்பக்கத்தைச் சூடான சோப்புத்தண்ணீர் வாளியில் நிறுத்துங்கள். இறுக்கமான துணியைக் கோலில் வைத்து மேலும் கீழும் இழுத்தால் தண்ணீரைக் குழலே உறிஞ்சித் துப்பும். முதலில் மை போல வரும், அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்து வரும், அது மருந்திலுள்ள கந்தகம். தண்ணீர் தெளியும் வரை மாற்றுங்கள். கடைசியில் நல்ல சூடான வெறும் தண்ணீர் ஒருமுறை விட்டால் குழல் சூடேறித் தானே உலரும். உலர்ந்த துணிகளை வெள்ளையாக வரும் வரை விட்டு, சூடு ஆறும் முன் எண்ணெய் பூசுங்கள். பூட்டுப் பகுதியையும் கழற்றித் துடைக்க மறக்காதீர்கள், கேப்பின் தெறிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். மறுநாள் ஒரு துணியை விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் இன்னொரு முறை துடைத்து எண்ணெய் போட வேண்டும்.